விரைந்து விலை பேசுவோம். அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்

வீடு தேடும் குடும்பங்கள் கேட்டுப் பழகிய வாசகம் ஒன்று உண்டு: "நாளைக் காலையில் வேறொரு பார்ட்டி அட்வான்ஸோடு வருகிறார்கள்; உங்களுக்காகத்தான் இன்று இரவு வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்." தரகர் இதைச் சொன்ன மாத்திரத்தில் வீட்டில் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. வளைகுடாவிலிருக்கும் மகனுக்கு அழைப்பு போகிறது. உம்மாவின் நகைகள் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. இஷாத் தொழுகை முடிந்ததும் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கைமாறுகிறது. வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி இருவர் கையெழுத்திடுகிறார்கள். வீட்டின் பத்திரங்களை எவரேனும் படித்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

விரைவு தவறன்று. நல்ல வீடு நமக்காக மாதக்கணக்கில் காத்திருக்காது என்பதும் உண்மையே. ஆனால் விரைவு காட்ட வேண்டிய காலம், வீடு கண்ணில் படுவதற்கு முந்தைய மாதங்களே. முன்னரே ஆயத்தமான குடும்பம் ஒரே வாரத்தில் நிதானமாக முடிவெடுக்கும். ஆயத்தமில்லாத குடும்பம் ஓர் இரவில் பதறி முடிவெடுக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் நம்மிடையே பல குடும்பங்களைச் சிக்கலில் ஆழ்த்துகிறது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு மிகவும் பொருந்தும்.

நபி (ஸல்) அவர்களைச் சந்திக்க அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது, அவர்களில் அஷஜ் என்பவரிடம் இருந்த இரண்டு குணங்களை அல்லாஹ் நேசிப்பதாக நபியவர்கள் கூறினார்கள். ஒன்று சகிப்புத்தன்மை, மற்றொன்று நிதானம். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. நிதானம் என்பது சோம்பலோ தயக்கமோ அன்று. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையில் செய்வதே நிதானம். அந்த வரிசை எது என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே பார்ப்போம்.

வட்டியைத் தவிர்ப்போர் கூடுதலாகச் செய்ய வேண்டியது

வங்கிக் கடன் பெற்று வீடு வாங்குபவருக்கு, அவர் கேட்காமலேயே ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. வங்கி தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழக்கறிஞரை அமர்த்திப் பத்திரங்களைப் பரிசோதிக்கிறது. மதிப்பீட்டாளரை அனுப்பி வீட்டை அளக்கிறது. கட்டட அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறது. குறை தென்பட்டால் கடன் மறுக்கப்படும். வாங்குபவரும் விழித்துக்கொள்வார்.

அல்லாஹ்வுக்கு அஞ்சி வட்டியைத் தவிர்த்து, சேமிப்பையும் உறவினரிடம் பெற்ற கடனையும் கொண்டு வாங்கும் நம் குடும்பங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ரொக்கமாக வாங்குகிறோம் என்பதால் நம்மைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. தரகர் மகிழ்கிறார், விற்பவர் மகிழ்கிறார். ஆகவே வங்கி செய்யும் வேலையை நாமே முன்வந்து செய்துகொள்ள வேண்டும். வீடு தேடத் தொடங்கும்போதே சொத்துப் பத்திரங்களில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரையும் கட்டடப் பொறியாளர் ஒருவரையும் பேசி வைத்துக்கொள்வது முதல் ஆயத்தம். விற்பவர் அழைத்து வரும் வழக்கறிஞரோ தரகருக்குத் தெரிந்த பத்திர எழுத்தரோ இதற்குப் போதாது. அவர்களுக்கான கட்டணம் வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மீது நம்பிக்கை வைக்க வேண்டும் என்னும் நபிமொழியின் கருத்து இங்கே இதுதான்.

கையிருப்பின் உண்மையான கணக்கு

"நாற்பது லட்சத்துக்குள் பார்க்கிறோம்" என்று பல குடும்பங்கள் சொல்லும்போது, கையில் இருப்பதும் அதே நாற்பது லட்சம்தான். ஆனால் நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு நாற்பது லட்சம் போதாது. தமிழ்நாட்டில் இப்போது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதம். 2023 மார்ச்சுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. வாங்கும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மீது இது கணக்கிடப்படும். நாற்பது லட்சத்துக்கு இதுவே 3,60,000 ரூபாய். தரகுக் கூலி, வழக்கறிஞர் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவை தனி.

விலை ஐம்பது லட்சம் அல்லது அதற்கு மேலானால், வாங்குபவரே விலையில் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் ஐம்பது லட்சம் என்ற வரம்பு கிடையாது. பிடிக்க வேண்டிய வரியும் அதிகம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களின் வீடுகளை வாங்கும் நம் ஊர்களில் இதைப் பலரும் அறியாமலேயே பத்திரம் முடித்துவிடுகிறார்கள். பிடிக்கத் தவறிய வரிக்கு வாங்கியவரே பொறுப்பாளி ஆகிறார்.

வீட்டுக்காகச் சேர்த்த பணமும் ஸகாத்துக்கு உரியதே. நிஸாபை எட்டி, சந்திர ஆண்டு ஒன்று கடந்த சேமிப்பில் இரண்டரை சதவீதம் வறியவரின் ஹக்கு. இருபது லட்சத்துக்கு அது ஐம்பதாயிரம். வீடு வாங்கும் நோக்கம் இருப்பதால் மட்டும் அந்தக் கடமை நீங்கிவிடுவதில்லை என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. பிறர் பங்கு கலந்த பணத்தோடு பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

இவை அனைத்தையும் கழித்த பிறகு மீதமுள்ள தொகைதான் நாம் பேசக்கூடிய விலையின் மேல்வரம்பு. அதை வீடு பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, குடும்பத்தார் அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரவேற்பறையின் அழகைக் கண்ட பிறகு எழுதும் வரம்பு நிலையாக நிற்பதில்லை.

யாருடைய பணம், யாருடைய பெயர்

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முன்னரே தெளிவாக வேண்டும். கடனாகப் பெறுவது எவ்வளவு, அன்பளிப்பு எவ்வளவு, பங்காகப் போடுவது எவ்வளவு? குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது. மச்சானிடம் வாங்கும் ஐந்து லட்சத்துக்கு எழுத்து கேட்பது அவமரியாதை என்று நாம் எண்ணுகிறோம். எழுதாமல் விட்ட பணத்தால் உறவு அறுந்த குடும்பங்கள் இல்லாத மஹல்லா அரிது.

மனைவியின் நகை விற்கப்படுகிறது என்றால் அது மேலும் நுட்பமானது. மஹரும், அவளுக்குப் பெற்றோர் கொடுத்த நகையும் அவளுடைய சொத்து. கணவனுக்கு அதில் உரிமை இல்லை. நாற்பது லட்ச வீட்டில் பன்னிரண்டு லட்சம் அவளுடைய நகையிலிருந்து வந்திருக்க, பத்திரம் கணவனின் பெயரில் மட்டும் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன் பிள்ளைகளை விட்டுவிட்டு மரணித்தால், வாரிசுரிமைப்படி அவளுக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது ஐந்து லட்சம். தன் பணமே பன்னிரண்டு லட்சம் என்பதை எந்தக் காகிதத்தைக் காட்டி அவள் நிரூபிப்பாள்? அவள் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்தால் அது வேறு. இல்லையெனில் அவளுடைய பங்கு பத்திரத்திலேயே இடம்பெறுவதுதான் நீதி.

வெளிநாட்டு மகனின் பணத்தில் வாப்பாவின் பெயரில் வீடு வாங்கும் பழக்கத்திலும் இதே அபாயம் உண்டு. வாப்பாவின் மரணத்துக்குப் பின் அந்த வீடு வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிடும். அதோடு, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் பெயரில் வாங்கும்போது பணம் போட்டவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இல்லாவிட்டால், பினாமிச் சட்டம் தரும் விலக்குக் கிடைப்பதும் கடினம். வெளிநாட்டில் இருப்பவருக்காக ஊரில் ஒருவர் கையெழுத்திட வேண்டுமென்றால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் தேவை. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரையிடப்பட வேண்டும். வீடு கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால் அவசரம் தானாக வந்துவிடும்.

சுவரைப் பார்ப்பதற்கு முன் வாரிசுகளைப் பார்ப்போம்

வீடு பிடித்துவிட்டது என்றால், விலை பேசுவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது பத்திரங்களின் நகல்களை. தாய்ப்பத்திரம், அதன் தொடர்ச்சியான பத்திரங்கள், பட்டா, வீட்டுவரி ரசீது, கட்டட அனுமதி ஆகியவை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும், பட்டாவை வருவாய்த்துறையின் இணையதளத்திலும் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். இதற்கு ஒரு நாள் போதும். நகல் தரத் தயங்குபவரிடம் அன்றே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் வீடு சுத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அச்சான்றில் வருவன பதிவான பத்திரங்கள் மட்டுமே. முஸ்லிம் குடும்பச் சொத்துகளில் பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் உரிமைகள் பல.

முதலாவது வாரிசுரிமை. ஒரு முஸ்லிம் மரணித்த கணத்திலேயே, அவருடைய கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்தில் ஒவ்வொரு வாரிசுக்கும் அவரவர் பங்கு சேர்ந்துவிடுகிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் நீதிமன்றத்திலும் இதையே நடைமுறைப்படுத்துகிறது. வாப்பா இறந்தார், உம்மாவும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள், இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லை. நாற்பது லட்ச வீட்டில் உம்மாவுக்கு எட்டில் ஒன்றாக ஐந்து லட்சம். மீதி முப்பத்தைந்தில் மகன்களுக்குத் தலா பதினான்கு, மகளுக்கு ஏழு. பட்டா மூத்த மகனின் பெயருக்கு மாறியிருக்கலாம். மகன்கள் இருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்றால், வாங்கியவருக்கு வந்து சேர்வது இருபத்தெட்டு லட்சத்தின் பங்கு மட்டுமே. மற்ற பன்னிரண்டு லட்சம் அந்தத் தாயுடையதும் மகளுடையதும்.

"தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோம்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பதில். கல்யாணச் செலவு வாரிசுரிமைக்கு ஈடாகாது. அந்நிஸா அத்தியாயம் பங்குகளை வகுத்துக் கூறி, அவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்று குறிப்பிடுகிறது. வாப்பா உயிருடன் இருக்கும்போது மகள் எழுதிக்கொடுத்த விட்டுக்கொடுப்பும் செல்லாது. இன்னும் தனக்கு வராத ஒன்றை அவள் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? வாரிசுச் சான்றைப் பெற்று, அதிலுள்ள ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து, "இந்த விற்பனையில் உங்களுக்கு மனப்பூர்வமான சம்மதமா, உங்கள் பங்கு உங்களுக்குக் கிடைக்கிறதா" என்று கேட்பதை நம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெண்களிடம் நம் வீட்டுப் பெண்கள் சென்று கேட்கட்டும். ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டாவது, பருவமடையாத வாரிசுகள். தந்தையை இழந்த பிள்ளைகளின் சொத்துக்கு, முஸ்லிம் தனிச் சட்டப்படி தாய் தானாகக் காப்பாளர் ஆவதில்லை. நீதிமன்ற அனுமதியின்றி அவள் செய்யும் விற்பனை பிள்ளைகளின் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று பிரிவி கவுன்சில் 1918இலேயே தீர்ப்பளித்தது. எத்தீமின் சொத்தை அநியாயமாக உண்பது பற்றிக் குர்ஆன் விடுக்கும் எச்சரிக்கை நாம் அறிந்ததே. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் வீட்டில் எத்தீமின் பங்கு கலந்திருக்குமானால் அது மலிவான வீடு அன்று.

மூன்றாவது, வாய்மொழி ஹிபா. முஸ்லிம்களின் அன்பளிப்பு, கொடுத்தல், ஏற்றல், ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் எழுத்தில்லாமலும் செல்லும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 129ஆம் பிரிவில் இதற்கு இடமளிக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது மரபு. அத்தகைய ஊர்களில் பத்திரம் ஒருவர் பெயரில் இருக்க, வீடு எப்போதோ மகளுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கக்கூடும். இப்போது அங்கே குடியிருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று கேட்டால்தான் இது தெரியவரும். அண்டை வீட்டாரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் பத்திரத்தில் இல்லாததைச் சொல்வார்கள்.

நான்காவது வக்ஃபு. பள்ளிவாசல், தர்கா, மதரஸா ஆகியவற்றைச் சூழ்ந்த மனைகளில் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அல்லாஹ்வுக்காக ஒதுக்கப்பட்டதை விற்க எவருக்கும் உரிமை இல்லை. வக்ஃபு சட்டத்தில் 2013இல் வந்த திருத்தமும் அத்தகைய விற்பனையைத் தடைசெய்தது.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை விற்பவருக்கான எச்சரிக்கையாக மட்டும் நாம் படிக்கிறோம். தெரிந்துகொள்ள வழியிருந்தும் கேட்காமல் வாங்குபவரும் தம் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"வேறொரு பார்ட்டி" என்ற பேச்சு

தரகர் சொல்லும் அந்த மற்றொருவர் உண்மையில் இல்லையென்றால், விலையை ஏற்றுவதற்காகச் சொல்லப்படும் பொய் அது. வாங்கும் எண்ணமின்றிப் போட்டிக்கு விலை கேட்கும் நஜ்ஷை நபியவர்கள் தடுத்தார்கள்; இல்லாத ஆளைக் காட்டி விலை ஏற்றுவதும் அதே வகை ஏமாற்று. அவர் உண்மையில் இருந்து, விலையும் பேசி முடித்திருந்தால், ஒருவருடைய வியாபாரத்தின்மேல் மற்றொருவர் வியாபாரம் பேசுவது நமக்குத் தடுக்கப்பட்டது. இரண்டிலும் இரவோடிரவாகப் பணத்தைக் கொண்டு ஓட நமக்குக் காரணமில்லை. இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றால் தாராளமாக விலை பேசலாம். அப்போதும் நம்மிடம் இருக்க வேண்டியது எழுதி வைத்த மேல்வரம்பே.

அட்வான்ஸுக்கு முன் எழுத்து

விசாரணை முடிந்து மனம் அமைதியடைந்த பிறகே முன்பணம். அதுவும் வங்கி வழியாக. வீட்டு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடைசெய்துள்ளது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய நான்கு வரி இவற்றுக்கு ஈடாகாது. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பதையும் மறுத்துவிட வேண்டும். அது எழுத்தில் சொல்லும் பொய். வியாபாரம் முறிந்தால் கொடுத்த பணத்துக்குச் சாட்சியும் இராது. உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தும் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பரக்கத் உண்டு என்பது நபிகளாரின் வாக்கு.

வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் என்னவாகும் என்பதையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். அதை விற்பவர் வைத்துக்கொள்ளும் நிபந்தனையை ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிகி மத்ஹபினர் ஏற்பதில்லை. இமாம் அஹ்மத் அனுமதித்தார்கள். 1993இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காலவரம்பு குறிப்பிட்டிருந்தால் கூடும் என்று முடிவு செய்தது. உங்கள் ஆலிமிடம் கேட்டு, உங்களுக்குத் தெளிவான வாசகத்தை எழுதுங்கள். அத்துடன், உரிமையில் குறை தெரியவந்தால் முழுத் தொகையும் குறித்த நாட்களுக்குள் திரும்ப வேண்டும் என்ற வாசகமும் இருக்கட்டும்.

"அதற்குள் வீடு போய்விடுமே?"

போகலாம். வழக்கறிஞர், கணக்கு, பெயர், அதிகாரப் பத்திரம் எல்லாம் முன்னரே ஆயத்தமாக இருந்தால் மீதமுள்ள விசாரணைக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும். தன் உரிமையில் நம்பிக்கையுள்ள விற்பவர் அந்த ஒரு வாரத்தை மறுப்பது அரிது. ஒரு வாரம்கூடப் பொறுக்காத விற்பனையில் அந்த அவசரமே ஒரு தகவல். போன வீட்டுக்காக வருந்தும் குடும்பம் சில மாதங்களில் வேறு வீட்டைக் காணும். பிறர் பங்கு கலந்த வீட்டை வாங்கிய குடும்பம் நீதிமன்றத்திலேயே பல்லாண்டுகளைக் கழிக்கும்.

இஸ்திகாராவும் மஷூராவும் இதில் உரிய இடத்தில் நிற்க வேண்டும். விசாரிக்காமல் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, மனம் விரும்பியதையே பதிலாக எடுத்துக்கொள்வது இஸ்திகாரா ஆகாது. அறிந்துகொள்ள வேண்டியதை அறிந்து, அறிந்தவர்களிடம் ஆலோசித்து, அதன் பிறகு நன்மையைத் தன் ரப்பிடம் ஒப்படைப்பதே அதன் அழகு. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தார் முன்வந்து, ஒரு வழக்கறிஞரையும் வாரிசுரிமை அறிந்த ஓர் ஆலிமையும் மாதம் ஒரு நாள் பள்ளிவாசலில் அமரச் செய்தால், வீடு வாங்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது பேருதவியாகும். விற்கும் குடும்பங்களின் பெண்களுக்கும் அவர்களுடைய பங்கு போய்ச் சேரும்.

நாம் வாங்கும் வீட்டில் தொழப் போகிறோம். நம் பிள்ளைகள் அங்கே குர்ஆன் ஓதப் போகிறார்கள். எந்த உம்மாவின், எந்த சகோதரியின், எந்த எத்தீமின் ஹக்கும் சிக்கியிராத வீட்டையே வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலாகவும் பரக்கத்தாகவும் வழங்குவானாக. ஆமீன்.